இரண்டு மழைக்காலம் நின்றுவிட்ட பழைய புல்லட்: முதல் உதைக்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பாம்பனார் மேடு

வணக்கம். எங்கள் வீடு இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாருக்கும் பீர்மேட்டுக்கும் நடுவே பாம்பனாரை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. அப்பாவிடம் 1998 மாடல் 350 சிசி புல்லட் ஒன்று உண்டு. வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் உள்ள பழைய வகை. தோட்டத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க மாதச் சாமான் வாங்கக் குமுளி மலைப்பாதை வழியாகக் கம்பத்துக்கு அதில்தான் இறங்கி ஏறுவார். சென்ற ஆண்டு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கும் முன்பு அவருக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் அக்காவின் வீட்டோடு கம்பத்திலேயே தங்கிவிட்டார். வண்டி எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தியபடி நின்றுவிட்டது. கணக்குப் பார்த்தால் பதினாறு மாதம், இரண்டு மழைக்காலம்.

தீபாவளி விடுமுறைக்கு வந்திருக்கும் நான் நேற்றுத் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். இருக்கை முழுவதும் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. ஆம்பியர் மீட்டரின் கண்ணாடிக்குள் ஈரம் கட்டியிருக்கிறது. பேட்டரி முற்றிலும் செத்துவிட்டது. டேங்கில் பாதிக்குப் பெட்ரோல் இருக்கிறது. எண்ணெய் பார்க்க டிப் ஸ்டிக்கை எடுத்தால் அதன் நுனியில்கூட எண்ணெய் தொடவில்லை. வண்டியின் அடியில் தரையில் ஒரு சொட்டும் கசிந்ததாகத் தெரியவில்லை என்பதால் எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆனாலும் எண்ணெய் இல்லாமல் விடக்கூடாது என்று ஒரு லிட்டர் வாங்கி வந்து ஊற்றினேன். இப்போது டிப் ஸ்டிக்கில் பாதி அளவு காட்டுகிறது.

பக்கத்து வீட்டு அண்ணன், பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டுத் தொழிற்சாலை வளைவிலிருந்து சரிவில் உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் வண்டி தானாகப் பிடித்துக்கொள்ளும் என்கிறார். அப்பா தினமும் தொலைபேசியில் "வண்டியைக் கிளப்பினாயா?" என்று கேட்கிறார். அவசரப்பட்டு எஞ்சினைக் கெடுத்துவிடக்கூடாது என்ற பயத்தில் கேட்கிறேன்: சரிவில் உருட்டிக் கிளப்புவது சரிதானா? பழைய பெட்ரோலை அப்படியே பயன்படுத்தலாமா? முதலில் எதில் கை வைக்க வேண்டும்?


பதில்: கம்பம் பட்டறை

தம்பி, தயவுசெய்து வண்டியைச் சரிவில் இறக்காதீர்கள். கிக்கரையும் இப்போதைக்கு மிதிக்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே மிக முக்கியமான செய்தி இருக்கிறது. தரையில் சொட்டுக்கூட இல்லை, ஆனால் டிப் ஸ்டிக்கில் எண்ணெய் இல்லை என்கிறீர்களே, அந்த எண்ணெய் எங்கும் போகவில்லை, எஞ்சினுக்குள்ளேயேதான் இருக்கிறது.

இந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி தனி அறையாக எஞ்சின் கூட்டின் உள்ளேயே அமைந்திருக்கும். ஒரு பம்ப் அங்கிருந்து எண்ணெயை எடுத்து, பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் கிராங்குக்கு அனுப்பும். மற்றொரு பம்ப் கிராங்கு அறையின் அடியில் சேரும் எண்ணெயை உறிஞ்சி, மேலே வால்வுகளைத் திறக்கும் ராக்கருக்கும் திரும்பத் தொட்டிக்கும் அனுப்பும். வண்டி ஓடும்வரை இந்தச் சுற்று சரியாக நடக்கும். மாதக்கணக்கில் நின்றுவிட்டால், தேய்ந்த பம்பின் இடுக்கு வழியாகத் தொட்டி எண்ணெய் மெல்ல மெல்லக் கிராங்கு அறைக்குள் இறங்கிவிடும். டிப் ஸ்டிக் அளப்பது தொட்டியை மட்டும்தான். ஆகவே அது காலியாகக் காட்டும்போது எண்ணெய் குறைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றுகிறவர்கள் மிகப் பலர். என் பட்டறைக்கு வரும் பழைய புல்லட்டுகளில் இதே தவறோடு வந்தவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது உங்கள் எஞ்சினுக்குள் இருக்க வேண்டியதைவிட ஒரு லிட்டர் கூடுதலாக இருக்கிறது. இந்த நிலையில் வண்டியைக் கிளப்பினால், கிராங்குச் சக்கரம் எண்ணெயில் மூழ்கிச் சுழலும். அழுத்தம் ஏறி எண்ணெய், எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாகவும் சீல்கள் வழியாகவும் வெளியே பீய்ச்சும். பிஸ்டனைத் தாண்டி மேலேறி எரிந்து வீதியே தெரியாத அளவுக்குப் புகை வரும். சரிவில் உருட்டும்போது, நீங்கள் நிறுத்த நினைத்தாலும் நிற்காத வேகத்தில் இத்தனையும் நடக்கும்.

எனவே முதல் வேலை எண்ணெயை வடிப்பது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் சமதளத்தில் நிறுத்துங்கள். எஞ்சினின் அடியில் தொட்டிக்கு ஒரு வடிபிளக்கும் கிராங்கு அறைக்கு ஒரு வடிபிளக்கும் தனித்தனியாக உண்டு. இரண்டையும் திறந்து, அகலமான பாத்திரத்தில் ஓர் இரவு முழுக்க வடிய விடுங்கள். வடிந்த எண்ணெயை ஊற்றிவிடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். வெறும் கறுப்பாக இருந்தால் கவலை இல்லை. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் டேப் கசிந்து கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும், புதிதாக ஊற்றும் எண்ணெயையும் சிறிது ஓட்டியபின் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். எண்ணெய் வடிகட்டியையும் இப்போதே மாற்றிவிடுங்கள். அதன்பின் 20-50 ரக எண்ணெய் இரண்டு லிட்டரும் சற்று மேலும் பிடிக்கும். கடைசிப் பகுதியை டிப் ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள்.

இரண்டாவது, பெட்ரோல். அந்தப் பாதி டேங்கில் ஒரு சொட்டையும் எஞ்சினுக்குக் காட்டாதீர்கள். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. இப்போது எந்தப் பெட்ரோல் பங்கில் போட்டாலும் எத்தனால் கலந்ததுதான். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உங்கள் மலையில் மழைக்காலத்தில் காற்றே தண்ணீர்தானே. ஓர் அளவைத் தாண்டினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேப் எடுப்பதும் டேங்கின் அடியிலிருந்துதான் என்பதால், எஞ்சினுக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர்தான். நம்பிக்கை இல்லையென்றால் வடித்த பெட்ரோலில் கொஞ்சத்தை வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அசைக்காமல் பத்து நிமிடம் வையுங்கள். பிரிந்திருந்தால் அடியில் கலங்கலாக ஒரு படலம், மேலே தெளிவாக ஒரு படலம், நடுவில் கோடு போட்டதுபோலத் தெரியும். வடிக்கும்போது கொட்டகைக்குள் வேண்டாம், வெளியில் செய்யுங்கள்; பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து அடுப்படி வரைகூடப் போகும். டேங்குக்குள் டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள்.

கார்புரேட்டரைக் கட்டாயம் கழற்ற வேண்டும். அதன் அடிக்கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, அடியில் பழுப்பு நிற அரக்குப் போலப் பிடித்திருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளை ஊசிமுனையளவுதான். அது அடைபட்டால் வண்டி கிளம்பாது, கிளம்பினாலும் சோக் போட்டால்தான் அணையாமல் ஓடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டுக் காற்றால் ஊதுங்கள். இரும்புக் கம்பியை நுழைத்துத் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். ஜெட்டைக் கையில் எடுத்துச் சூரியனை நோக்கிப் பிடித்தால் முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும்.

மூன்றாவது, சிலிண்டர். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் மட்டும் விடுங்கள்; அதற்கு மேல் வேண்டாம். சில மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு சாவி அணைந்த நிலையில், பிளக் இல்லாமலேயே, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். வழுவழுப்பாகச் சுற்றினால் நல்லது. எங்காவது சிக்கினாலோ கரகரத்தாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள். ரிங்குகள் துருவில் பிடித்திருக்கும், பலத்தைக் காட்டினால் சிலிண்டரில் கீறல் விழும். தடையில்லாமல் சுற்றினால், நாற்பது ஐம்பது முறை அவசரமில்லாமல் மிதியுங்கள். பிளக் இல்லாததால் அழுத்தம் இருக்காது. பம்ப் நிரம்பிக் கிராங்குக்கு எண்ணெய் போகும். ஓடும் எஞ்சினின் ஆயிரக்கணக்கான சுற்றுகளைவிட எண்ணெய் எட்டாத முதல் சில நொடிகளின் தேய்மானம்தான் மோசம் என்பதால், இந்த ஒரு வேலையில் மட்டும் சோம்பல் கூடாது.

பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கும்போது, அதைத் திறந்த பிளக் துளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும், பற்றிக்கொள்ளும். தூரத்தில், சிலிண்டரின் வெளித்தகடான ஃபின்னில் படும்படி வையுங்கள். இந்த மாடலில் பாயிண்ட் (திறந்து மூடித் தீப்பொறியை விழவைக்கும் மின் தொடர்பு முனை) இருக்கும். ஈரத்தில் அதன் முகத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான துணியால் துடையுங்கள்.


பதில்: லே முகாம்

நான் ராணுவத்தில், வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது குமுளியில் இருக்கிறேன். கம்பம் பட்டறை எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். பேட்டரியையும் புகையையும் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

லடாக்கின் லே பகுதியில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்கு 20 டிகிரி கீழே வரை இறங்கும். அங்கே வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் எதிரி குளிர்தான்: எண்ணெய் கெட்டியாகி அசையாது, பேட்டரியின் பலம் பாதியாகும், சார்ஜ் இறங்கிய பேட்டரியின் அமிலம் உறைந்து பெட்டியே வெடித்துப் பிளக்கும். பனி பெய்யும் நாடுகளில் நவம்பரில் நிறுத்தி மார்ச்சில் எடுப்பவர்கள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது இதனால்தான். பீர்மேட்டில் அமிலம் உறையாது; இங்கே எதிரி ஈரம். ஆனால் பேட்டரிக்கான விதி இரண்டு இடத்திலும் ஒன்றே. சும்மா நின்றாலும் சார்ஜ் இறங்கும். இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கல்லாகிவிடும். பதினாறு மாதம் செத்துக் கிடந்த பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி மீட்கப் பணத்தைச் செலவழிக்காதீர்கள், புதிது வாங்குங்கள். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். சார்ஜர் போடும்போது, அதன் மேல் எழுதியுள்ள ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு போதும். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர். பழையதைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசை மாறி ஸ்பேனர் சட்டத்தில் தொட்டால் பறக்கும் பொறி கையைச் சுடும்; பக்கத்தில் பெட்ரோல் வடித்த பாத்திரம் இருந்தால் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

தயவுசெய்து தகரக் கொட்டகைக்குள் வண்டியைக் கிளப்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி என்று நீங்கள் உணரும்போதே அது உங்கள் இரத்தத்தில் கலந்திருக்கும். வெளியே சாரல் அடிக்கிறதே என்று கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டு மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்கிய அனுபவம் எனக்கு உண்டு. மழை பெய்தால் மறுநாள் கிளப்புங்கள்.

அடுத்த மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் போதும் என்று பலரும் சொல்வார்கள். அது நன்மையைவிடத் தீமையே செய்யும். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகும். எஞ்சின் முழுச் சூடு ஏறாமல் அணைத்தால் அந்த நீராவி எண்ணெயிலும் சைலன்சரிலும் தங்கித் துருவாக மாறும். கிளப்பினால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். இல்லையென்றால் புது எண்ணெய் மாற்றி, டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட்டு, அசையாமல் நிற்க விடுங்கள்.


பதில்: ஏலத்தோட்டம்

எங்கள் பக்கம் நின்ற வண்டிகளில் எல்லோரும் மறக்கும் ஒன்று சைலன்சரின் வாய். குளவி அதற்குள் மண்கூடு கட்டி அடைத்திருக்கும். போன வருடம் எங்கள் வண்டி எத்தனை மிதித்தாலும் கிளம்பாமல் போய், கடைசியில் குச்சியால் நோண்டிப் பார்த்தபோது கைப்பிடியளவு காய்ந்த செம்மண் உதிர்ந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். எலி தேயிலைச் சருகையும் பஞ்சையும் கொண்டுபோய் வைத்திருக்கும், வயரையும் கடித்திருக்கும். கிளட்ச் தகடுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் கியர் போட்டதும் வண்டி பாய்ந்துவிடும்; எஞ்சின் அணைந்திருக்கும்போதே கிளட்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்தால் பிரிந்துவிடும்.


மீண்டும்: பாம்பனார் மேடு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று நாளும் நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

முதல் நாள் இரண்டு வடிபிளக்குகளையும் திறந்தேன். தொட்டியிலிருந்து நான் ஊற்றிய புது எண்ணெய் தேன் நிறத்தில் வந்தது. கிராங்கு அறையின் பிளக்கைத் திறந்ததும் கறுப்பு எண்ணெய் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அளந்தபோது ஒன்றரை லிட்டருக்கு மேல். அதில் பால் நிறமோ பெட்ரோல் வாடையோ இல்லை. அதைப் பார்த்தபோது, சரிவில் உருட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்து எனக்கு உடல் சிலிர்த்தது. பக்கத்து வீட்டு அண்ணனையும் அழைத்துக் காட்டினேன். அவரே அடுத்த நாள் கார்புரேட்டரைக் கழற்ற உதவினார். பெட்ரோலைப் பாட்டிலில் வைத்தபோது சுண்டுவிரல் அகலத்துக்கு அடியில் கலங்கல் பிரிந்து நின்றது. சைலன்சரில் குளவிக்கூடு இல்லை, ஆனால் ஏர் ஃபில்டர் பெட்டியில் எலிக்குஞ்சுகள் இருந்து போன கூடு இருந்தது.

இன்று காலை வெயில் வந்தபின் முற்றத்தில் நிறுத்தி, புது பேட்டரி, ஒரு லிட்டர் புது பெட்ரோலுடன் முயன்றேன். ஆறாவது மிதியில் பிடித்துக்கொண்டது. இரண்டு நிமிடம் வெள்ளைப் புகை வந்து பிறகு நின்றது. எனக்கு இரண்டு ஐயங்கள். எண்ணெய் மேலே ராக்கர் வரை போகிறது என்பதை எப்படி உறுதி செய்வது? கிக்கர் இரண்டு முறை பின்னால் உதைத்துக் கணுக்காலில் பலமாக அடித்தது, அது ஏன்?


பதில்: கம்பம் பட்டறை

மிகவும் மகிழ்ச்சி தம்பி. வெள்ளைப் புகை நீங்கள் சிலிண்டரில் விட்ட எண்ணெயும் சைலன்சரில் நின்ற ஈரமும்தான். நின்றுவிட்டதால் கவலை வேண்டாம்.

ராக்கருக்கு எண்ணெய் போவது சிலிண்டருக்கு வெளியே ஏறும் மெல்லிய குழாய் வழியாக. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, அந்தக் குழாய் ஹெட்டில் சேரும் இடத்து போல்ட்டை ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் அங்கே எண்ணெய் கசிந்து விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டியதும் இறுக்கிவிடுங்கள். வரவில்லையென்றால் உடனே எஞ்சினை அணைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். குழாய் அடைத்திருக்கும் அல்லது பம்ப் இழுக்கவில்லை. எஞ்சின் ஓடி ஆறிய பின் டிப் ஸ்டிக்கை ஒருமுறை பார்த்து, குறைந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

கிக்கர் பின்னால் உதைப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பாயிண்டைத் தேய்த்ததில் இடைவெளி மாறி, தீப்பொறி முன்னதாக விழலாம், இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அதைவிடப் பெரும்பாலும் காரணம் மிதிக்கும் முறைதான். சாவியைப் போட்டு, கிக்கரைப் பலமான தடை வரும்வரை மெதுவாக அழுத்துங்கள். அங்கே நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் லீவரை இழுத்துக்கொண்டு, ஆம்பியர் மீட்டரின் முள் இடப்பக்கத்திலிருந்து நடுவுக்கு வரும்வரை மட்டும் கிக்கரை நகர்த்துங்கள். முள் நடுவுக்கு வந்த இடம் பாயிண்ட் திறந்த இடம். இப்போது லீவரை விட்டுவிட்டுக் கிக்கரை முழுக்க மேலே வரவிட்டு, தயங்காமல் கடைசிவரை ஒரே மிதி. பாதி மிதியில் காலைத் தளர்த்தினால்தான் அது திருப்பி அடிக்கும். உங்கள் கணுக்காலில் விழுந்த அதே அடி அறுவை செய்த மூட்டில் விழக்கூடாது. மருத்துவர் தெளிவாகச் சம்மதிக்கும்வரை அப்பா கிக்கரைத் தொட வேண்டாம். நீங்கள் கிளப்பிக் கொடுங்கள், அவர் அமர்ந்து ஓட்டுவது பிறகு.

இன்சூரன்ஸும் புகைச் சான்றும் காலாவதியாகியிருக்கும், அவற்றைப் புதுப்பித்த பிறகே சாலையில் இறக்குங்கள். பதினாறு மாத ஈரத்தில் பிரேக் டிரம்மின் உட்புறம் துருப்பிடித்திருக்கும் என்பதால், இரண்டு சக்கரத்தையும் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து, வண்டிப்பெரியார் சமவெளிப் பகுதியில் பத்து முறையாவது நிறுத்திப் பார்த்த பிறகுதான் குமுளி மலைப்பாதையில் லோயர் கேம்ப் நோக்கி இறங்க வேண்டும். இறங்கி வந்தால் வண்டியை நேராக என் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். டேப்பட் இடைவெளியை (வால்வுகளுக்கான இடைவெளி) நானே பார்த்து வைக்கிறேன்.